ஹரிதாஸ் படத்துக்கு மாலை

கிளேபாங், மலாக்கா
14.7.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை நிர்மலாவின் வணக்கம். நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது எப்போதும் உள்ளதுதான். உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே? இந்தத் தடவை நான் வாடிக்கைக்காகக் கேட்கவில்லை. இன்று காலை உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பதறாதீர்கள், விவரமாகச் சொல்கிறேன். ஜொகூர் வேலையை விட்டுவிட்டு வந்து தெங்கேராவில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன் அல்லவா? அங்கே போன வாரம் ஜானகி என்று, பல்கலைக்கழகம் போகக் காத்திருக்கும் ஓர் ஆறாம் படிவத்துப் பெண் நோட்டீஸ் ஒட்ட வந்தாள். கைவிளக்கு மாணவர் சேவைக் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை பாடம் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். நீங்களும் தினேஸ்வரனும் ஆரம்பித்த அதே கைவிளக்கு. இன்னும் நடக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். நீங்கள் வகுப்பு நடத்திய ரப்பர் தோட்டத்தை வீடமைப்புத் திட்டத்துக்கு விற்ற பிறகு வகுப்பைப் பாயா ரும்புட்டில் ஒரு கடைவீட்டு மாடிக்கு மாற்றிவிட்டார்களாம். இன்று பஸ் பிடித்துப் போனேன்.

படியேறி உள்ளே நுழைந்தால் எதிர்ச்சுவரில் நீங்கள். பத்தொன்பது வயது முகம், படிய வாரிய தலை. கண்ணாடிச் சட்டத்தில் சந்தனப் பொட்டு, மல்லிகை மாலை, கீழே விளக்கு. 'அமரர் ஹரிதாஸ், தோற்றுநர்' என்று அட்டையில் அழகாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இன்று நினைவு நாளாம். எல்லாரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். நானும் நின்றேன், வேறென்ன செய்ய?

முடிந்ததும் ஜானகியிடம், "இவர் என்னோட அண்ணன்" என்றேன். அடுத்த வாக்கியத்தைச் சொல்லவிட்டால்தானே? என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தி நாற்காலி போட்டாள், ஒருத்தி குடிக்க மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள். "அழாதீங்கக்கா, மனச விட்டுறாதீங்க லா" என்று எனக்கு ஆறுதல். நான் அழவே இல்லை. அதற்குப் பிறகு, 'அவர் மிரியில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அண்ணே, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தினேஸ்வரன் டிங்கிக் காய்ச்சலில் போனதும் இதே ஜூலை மாதம்தானே? நாள் சரியாக இருக்கிறது, படம்தான் மாறியிருக்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை என்று தெரிந்தால் ஊரிலுள்ள எல்லாக் கோயிலுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போவார். ஏற்கெனவே தம்பின் ஊரில் எனக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்க்க ஒரு நடை போய்வந்தாயிற்று. நான் வேண்டாம் என்றேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
நிர்மலாதேவி


மிரி, சரவாக்
2.8.1996

அன்புத் தங்கை நிர்மலாவுக்கு,

அமரர் ஹரிதாஸ் எழுதிக்கொள்வது. இங்கே ஆலையில் எல்லாரும் சுகம், நானும் செத்தும் சுகம். அம்மாவின் காலுக்கு எண்ணெய் வாங்கிக்கொடு. அம்மா பெயருக்குத் தனியாகப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அந்தப் படம் தினேஸ் செய்த குறும்பு. நாங்கள் முதன்முதலில் வகுப்பு ஆரம்பித்தது தோட்டத்து ஆயாக்கொட்டகையில். வேலைநாளில் அங்கே கைப்பிள்ளைகளைத் தூளியில் போட்டு ஆட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தூளிகளைச் சுருட்டிக் கட்டிவிட்டு நாங்கள் பாடம் நடத்துவோம். தொடக்க விழாவன்று உள்ளே போனால் சுவரில் என் முகம். என் அடையாள அட்டைப் படத்தைத் திருடிப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். "தலைவருன்னா செவுத்துல தொங்கணும் லா" என்றான். கழற்றுடா, பார்க்கிறவர்கள் நான் செத்துவிட்டேன் என்று நினைப்பார்கள் என்றேன். கேட்கவில்லை. அவன் படம் என்று எங்களிடம் ஒன்றுமே இல்லை. படம் எடுக்கிறவன் எப்போதும் அவன்தான்.

இப்போது இருக்கும் பிள்ளைகள்மேல் தப்பில்லை. நம் ஆள்கள் வீட்டில் ஒருவரைத் தனியாகச் சட்டம் போட்டு மாட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தானே? இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஆயுசு கூடும் என்று வைத்துக்கொள். நீயும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பழைய தோட்டத்து ஆள்கள் யாராவது அந்தப் பக்கம் இருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன். தம்பின் மாப்பிள்ளையை ஏன் வேண்டாம் என்றாய்? நல்ல வேலை என்று அம்மா போனில் சொன்னார்.

அன்புடன்,
அண்ணன் ஹரி


கிளேபாங்
18.8.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். எண்ணெய் வாங்கியாயிற்று, அம்மா தேய்க்கத்தான் மாட்டேன் என்கிறார்.

உங்களைச் சாகடித்ததோடு நின்றிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன். நீங்கள் பாதியைத்தான் யோசித்தீர்கள். கைவிளக்கை ஆரம்பித்தது இரண்டு பேர், ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். படத்தில் இருப்பவர் காலமானவர் என்றால், விட்டுவிட்டுப் போனவர் யார்?

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஜானகி முதல் நாளே சொல்லித்தருகிறாள். "அமரர் ஹரிதாஸ் மாதிரி இருங்க. தினேஸ்வரன் மாதிரி கூட்டாளி செத்ததும் வேலையப் பார்த்துக்கிட்டு ஓடிப் போயிறாதீங்க" என்கிறாள். நான் கணக்குச் சொல்லித்தரும் வகுப்பில் போன வாரம் ஒருத்தன் வரவில்லை. எங்கே என்று கேட்டேன். "அவன் தினேஸ் ஆயிட்டான்க்கா" என்று எல்லாரும் சிரித்தார்கள். மட்டம் போடுகிறவனுக்கு அங்கே அதுதான் பட்டப்பெயர்.

அண்ணே, அவரை எனக்குத் தெரியும். மழையில் நனைந்துகொண்டு நம் வீட்டு வாசலில் நின்று, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று உங்களை எழுப்புவார். அவரைப் பற்றி அப்படிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

தீபாவளிக்கு வாருங்கள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாடியில் வந்து நில்லுங்கள். நீங்கள் பேசக்கூட வேண்டாம். உங்களைப் பார்த்தாலே எல்லாம் சரியாகிவிடும்.

வருகிறேன் என்று மட்டும் எழுதுங்கள்.
நிர்மலா


கிளேபாங்
6.10.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆலையில் வேலை அதிகம் என்று அம்மாவிடம் போனில் சொன்னீர்களாம். என்னிடம் கொடுங்கள் என்று கேட்கவில்லையாம்.

பழைய தோட்டத்து ஆள்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். யாரைக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முனியம்மா அத்தை இருக்கிறார். தினேஸ்வரனைப் பெற்ற அவர் அங்கேதான் இருக்கிறார். கடைவீட்டுக்குப் பின்னால் தாமான் குடியிருப்பில் ஓர் அறை. ஞாயிறு தவறாமல் மாடிக்கு வந்து கூட்டுகிறார், பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கலக்குகிறார், பிறகு கடைசி பெஞ்சியில் உட்கார்ந்து வகுப்பு முடியும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் ஜூலையில் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவு இளைத்துவிட்டார்.

ஓடிப்போன தினேஸ்வரனின் அம்மா என்று எல்லாருக்கும் அவரைத் தெரியும். "பாவம்க்கா, பெத்த தாயக்கூட எட்டிப் பார்க்க மாட்றாரு" என்றாள் ஜானகி. அத்தையின் காதில் விழும் தூரத்தில்தான் சொன்னாள். அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு இருந்தார், திரும்பவில்லை.

எனக்கு உங்கள்மேல் கோபம், அதை மறைக்க மாட்டேன். நீங்கள் ஏன் போனீர்கள்? ஆரம்பித்தவர்கள் எல்லாச் சங்கத்திலும் இப்படித்தான் கழன்றுகொள்வார்கள் என்று கிளினிக் டாக்டர் சொல்கிறார். வேலை, கல்யாணம், இல்லாவிட்டால் பதவிச் சண்டை, அவருக்குத் தெரிந்த காரணங்கள் இவ்வளவுதான். உங்களுக்கு எது?

நிர்மலா


மிரி
27.10.1996

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ கோபமாக இருந்தாலும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அவரை அத்தை என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன்.

ஏன் போனேன் என்றால் வேலை கிடைத்தது, போனேன். கேட்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன், அது பொய்யும் இல்லை. உனக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். தினேஸ் போன பிறகு ஒரு வருஷம் நான் மட்டும் நடத்தினேன். பிள்ளைகள் வந்தார்கள், தோட்டத்தில் முன்பைவிட அன்பாக இருந்தார்கள். அவன் அம்மா என்னைச் சாப்பிடாமல் அனுப்பியதே இல்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நான் இருந்திருப்பேன். மீதியை எழுத வரவில்லை.

அவர் காதில் அந்தப் பேச்சு விழுகிறது என்று நீ எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை உடனே நிறுத்து. நீயே ஜானகியிடம் சொல்லிவிடு. என்னை என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

தீபாவளிக்கு லீவு இல்லை. அம்மாவைச் சமாதானப்படுத்து.

அண்ணன்


கிளேபாங்
17.11.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போனது. அம்மா உங்களுக்கும் சேர்த்து முறுக்குச் சுட்டு, ஒரு டின்னில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். என்னைத் தொடவிடவில்லை.

நான் சொல்ல மாட்டேன். சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எங்கண்ணன் உசுரோட இருக்காரு" என்றேன் ஜானகியிடம். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. தோளைத் தடவி, "ஆமாக்கா, நம்ம கூடவேதான் இருக்காரு" என்றாள். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். படத்தில் இருப்பவர் நேரில் வராமல் இது தீராது.

இன்னொன்று. பொங்கலுக்குப் பிறகு கைவிளக்கு ஆண்டு மலர் போடுகிறார்கள். குழுவின் வரலாற்றை ஜானகி எழுதுகிறாள். ஒருவர் உயிரைக் கொடுத்தார், ஒருவர் கைவிட்டார் என்று ஆரம்பிக்கிறது. எனக்கு வாசித்துக் காட்டினாள், அழகாகத்தான் எழுதுகிறாள். அச்சில் ஏறிவிட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்விடும். அத்தை கையிலும் ஒன்று கொடுப்பார்கள். ஜனவரி நடுவில் அச்சகத்துக்குப் போகிறது.

இதற்கும் வேலை அதிகம் என்று எழுதாதீர்கள்.
நிர்மலா


மிரி
5.12.1996

நிர்மலாவுக்கு,

நலம். வருகிறேன்.

ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட் எடுத்துவிட்டேன். அந்த மாடியில் நின்று நான்தான் ஹரிதாஸ், விட்டுவிட்டுப் போனவன் நான்தான், தினேஸ் கடைசிவரைக்கும் இருந்தான் என்று சொல்கிறேன். ஜானகி அதை மலரில் போடட்டும்.

ஒரு வேலை செய். நான் திடுதிப்பென்று போய் அவன் அம்மா முன்னால் நிற்க முடியாது. நீ முதலில் போய் அவரிடம் சொல்லிவை. பிள்ளைமேல் இருக்கும் கெட்ட பெயர் போகப்போகிறது என்று தெரிந்தால் அவருக்கும் ஆறுதலாக இருக்கும்.

அம்மாவிடம் முறுக்கு டின்னைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்.

ஹரி


கிளேபாங்
29.12.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நீங்கள் வருவதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலியே இல்லை.

அத்தையைப் பார்த்தேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் கடத்திவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சோறு வடித்துக்கொண்டு இருந்தார். "யாரு, ஹரி தங்கச்சியா? உள்ள வா" என்றார். நீங்கள் வருகிறீர்கள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. எப்போது, எத்தனை நாள் என்று கேட்டார். நான் உற்சாகமாக, "அண்ணன் வந்து உண்மையைச் சொல்லப்போறாரு அத்தை. தினேஸ் ஓடிப் போயிட்டாருன்னு இனிமே யாரும் பேச மாட்டாங்க" என்றேன்.

பானையை நிமிர்த்தி வைத்தார். "பேசட்டுமே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "இங்க வந்த புதுசுல ஒரு புள்ள கேட்டுச்சு, உங்களுக்கு எத்தன புள்ளம்மான்னு. ஒன்னுதான், வெளியூர்ல இருக்கான்னு வாயில வந்துருச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல மனசு வரல. செத்தவன யாரும்மா திட்டுவாங்க? எம் புள்ள எங்கியோ இருக்கான்னு நெனச்சுத்தானே அதுங்க திட்டுதுங்க. வாரத்துல ஒரு நாளு, அந்த மாடியில உக்காந்திருக்கிற வரைக்கும், அவன் இருக்கான். அதுக்குத்தான் போறேன்."

படத்தைப் பற்றிக் கேட்டேன். உங்கள் படத்துக்கு மாலை போடும்போதெல்லாம் மாரியம்மனிடம் உங்கள் ஆயுசுக்கு வேண்டிக்கொள்கிறாராம். அவர் புத்தி தடுமாறவில்லை அண்ணே. என்னையும் உங்களையும்விடத் தெளிவாக இருக்கிறார். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஹரிய வரச் சொல்லு. அவன் மொகத்தப் பார்க்கணும் போல இருக்கு. ஆனா வந்து எம் புள்ளைய இன்னொரு தடவ சாகடிச்சிட்டுப் போயிற வேணாம்னு சொல்லு."

வாருங்கள் என்று கூப்பிட்டதும் நான்தான். இப்போது நீங்கள் அங்கே என்ன பேச வேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் மாடிக்கு வர மாட்டேன். எப்படி முடிந்தாலும் அதை நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நிர்மலா


மிரி
26.1.1997

அன்புத் தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முறுக்கு நொறுங்காமல் வந்தது. அம்மாவுக்கு என் வணக்கம்.

வீட்டில் இருந்த நாள்களில் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டோம், அம்மா பேசிக்கொண்டே இருந்தார். எழுத்தில்தான் வருகிறது, எழுதிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நேராக அவன் அம்மா வீட்டுக்குத்தான் போனேன். என்னைக் கண்டதும், "என்னாடா, முடியெல்லாம் கொட்டிப் போச்சு" என்று தலையைத் தடவினார். சாப்பாடு போட்டார். தினேஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினோம். அதுவரைக்கும் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கு முடிவு இல்லை. படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கால் வலிக்காகப் பிடித்தார் என்று நினைத்தேன்.

மேலே பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். "இதான் என் மவன் தினேஸ்வரன். மிரியிலேர்ந்து என்னயப் பார்க்க வந்திருக்கான்."

என் கையை விடவில்லை. மறுத்துச் சொல் பார்க்கலாம் என்கிற பிடி இல்லை அது. கெஞ்சுகிற பிடி. நிர்மலா, நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தாடி, மூக்குக்கண்ணாடி, வழுக்கை. சுவரில் இருக்கிற பையனையும் என்னையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஜானகி சும்மா விடுகிற பெண் இல்லை. எழுந்து நின்று கேட்டாள். "ஏண்ணே போனீங்க? அவரு போனப்புறம் நீங்கதானே இருந்திருக்கணும்?"

உனக்கு எழுத எனக்கு வராமல் போன மீதியை அவளிடம் சொன்னேன். தினேஸ் வாயால் சொல்வதால் எளிதாக வந்தது. "நாங்க ரெண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிள்லதான் வருவோம். அவன் போனப்புறம் நான் தனியா வந்தேன். சத்தம் கேட்டதும் பிள்ளைங்க ஓடி வருவாங்க. வந்து, என்னயப் பார்க்கிறதுக்கு முன்னால பின் சீட்டப் பார்ப்பாங்க. அப்புறம்தான் என்னயப் பார்ப்பாங்க. வாரா வாரம் அப்படித்தான். பெரியவங்களும் சோறு போடுறப்ப பக்கத்துல இன்னொரு தட்டு வச்சிட்டு, சத்தமில்லாம எடுத்துருவாங்க. நான் அங்க வர்றதே அவன் இல்லைன்னு காட்டுறதுக்குத்தான்னு ஆயிருச்சு. நான் வராம இருந்தா அவங்களும் மறப்பாங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

அவன் அம்மா பெஞ்சியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டாவது தட்டை வைத்துவிட்டு எடுத்தவர் அவர்தான்.

ஜானகி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு மாலையைக் கொண்டுவந்தாள். "உங்க கூட்டாளிக்கு நீங்க ஒரு தடவகூட போட்டதில்லண்ணே" என்றாள். நாற்காலியில் ஏறி என் படத்துக்கு நானே மாலை போட்டேன். முதல் தடவை சட்டத்தில் மாட்டாமல் நழுவியது. கூட்டாளியை நினைத்துத் தடுமாறுகிறேன் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அதுவும் உண்மைதான்.

இறங்கும்போது ஒன்று தெரிந்தது. அந்த மாடிக்கு இனி நான் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஹரிதாஸாக மட்டும் போக முடியாது. எனக்கு அதில் வருத்தமா நிம்மதியா என்று இன்னும் தெரியவில்லை.

அண்ணன்


கிளேபாங்
16.2.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன். காய்ச்சலா என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆண்டு மலர் வந்துவிட்டது. ஜானகி வரலாற்றை மாற்றி எழுதியிருக்கிறாள். ஒருவர் உயிரைக் கொடுத்தார், ஒருவர் அந்தத் துக்கம் தாளாமல் விலகிப்போய்த் திரும்பி வந்தார் என்று இருக்கிறது. முதல் பக்கத்தில் உங்கள் படம் இருப்பதால் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, கிளினிக்கில் வைத்திருக்கிறேன். மட்டம் போடுகிறவனை இப்போது யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

போன வியாழன் அத்தை பஸ் பிடித்துக் கிளினிக்குக்கே வந்துவிட்டார். மருந்துக்கு என்று நினைத்தேன். "எனக்கு ஒரு கடிதாசி எழுதித் தா" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'அன்பு மகன் தினேஸ்வரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது' என்று ஆரம்பித்தது. ஓரிடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். முடித்ததும், "ஹரிக்கு ரொம்ப சிரமம் குடுக்கிறேன், இல்ல?" என்று கேட்டார்.

உறைமேல் எந்தப் பெயரை எழுதுவது என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இந்தக் கடிதத்தோடு சேர்த்து வைத்துவிட்டேன். பதில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். போட்டால் அவருக்குப் படித்துக்காட்டப்போவது நான்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அம்மா இன்னொரு ஜாதகம் கொண்டுவந்திருக்கிறார். இந்தத் தடவையும் நான் வேண்டாம் என்றேன்.

நிர்மலா


மிரி
9.3.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

மகனின் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேனா என்று கேட்டிருந்தீர்கள், சாப்பிடுகிறேன். ஆலைக்குப் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் கடை வைத்திருக்கிறார், ரசம் மட்டும் உங்கள் கை வராது. ராத்திரியில் மழை அதிகம், போர்வை வாங்கிக்கொண்டேன். நீங்களும் மாடிப்படி ஏறும்போது பார்த்து ஏறுங்கள். தேத்தண்ணிப் பாத்திரத்தைப் பிள்ளைகளைத் தூக்கச் சொல்லுங்கள், நீங்கள் தூக்க வேண்டாம்.

நான் வராத வருஷங்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலேயே சோறு போடுவது உங்கள் பழக்கம். இனிமேல் மாதம் ஒரு கடிதம் போடுவேன், தவற மாட்டேன். ஜூலையில் ஹரியின் நினைவு நாளுக்கு வரப்பார்க்கிறேன். அவனுக்கு நீங்கள் வேண்டிக்கொள்வதை விட்டுவிடாதீர்கள்.

இதை உங்களுக்குப் படித்துக்காட்டும் நிர்மலாவை நான் மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள். நான் இங்கேயே தங்கிவிட்டேன். எனக்காக அவள் காத்திருக்க வேண்டாம், அவள் அம்மா பார்க்கும் மாப்பிள்ளையை ஒரு தடவை ஏறெடுத்துப் பார்க்கட்டும். நான் சொன்னேன் என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
தினேஸ்வரன்